சூட்டோட எடை போடாதே

போன வருஷம் ஆடி மாதம் எங்கள் பனியன் கம்பெனிக்குப் புதிதாக மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். மூவருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். ஆடியில் யாராவது புது வேலைக்குச் சேருவார்களா? சேர்ந்தார்கள். நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"அக்கா, மூணும் ஜென் ஸீ. நீங்கதான் மேய்க்கோணும்" என்று என் தலையில் கட்டிவிட்டு ஓனர் தம்பி காரில் ஏறிப் போய்விட்டார். 1997-லிருந்து பிறந்தவர்களுக்கு அப்படிப் பெயராம். என் மகனும் அந்தக் கணக்கில்தான் வருகிறான். அவனையே என்னால் மேய்க்க முடியவில்லை.

நான் வேலை கற்ற கதை வேறு. 1995-ல் பத்தாவது முடித்த கையோடு கைமடியாகச் சேர்ந்தேன். திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: டைலர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பது, தைத்ததை வாங்கி அடுக்குவது, நூல் வெட்டுவது, இதெல்லாம் கைமடி வேலை. யாரும் எதையும் சொல்லித் தரமாட்டார்கள். "பாத்துக் கத்துக்க" என்பதுதான் மொத்தப் பாடமும். பிசிறு விட்டால் அந்த பீஸ் பறந்து வந்து மூஞ்சியில் விழும். ஏன் என்று கேட்டால் "எதுத்தா பேசறே?" என்பார்கள். அப்படியே செக்கிங், அப்புறம் குவாலிட்டி என்று ஏறி வந்தேன். நடுவில் தபால் வழியில் ஒரு பி.ஏ. நான் கற்ற வழியில்தான் மற்றவர்களும் கற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷமாக அது ஓடவும் செய்தது.

மூவரில் ஒருவன் காங்கேயத்துப் பையன், டெக்ஸ்டைல் டிப்ளமோ. அவனுக்கு முதல் வாரம் காம்பேக்டிங்கில் வேலை கொடுத்தேன். சாயம் போட்டு வரும் துணிக்கு நீராவியும் சூடும் கொடுத்து அழுத்தி, பின்னால் சுருங்காதபடி செய்யும் இடம் அது. அங்கே துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று, பார்க்க வேண்டும். வட்டக் கட்டரை வைத்துத் திருகினால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வரும். அதன் எடையை 100-ஆல் பெருக்கிக்கொண்டால் போதும். 1.80 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். சரக்கு வாங்கும் பையர் கேட்டதும் 180தான், ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். வேலை கொடுத்த அன்றே, "சூட்டோட எடை போடாதே சாமி" என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் காம்பேக்டிங் ஓனர் போனில் கத்துகிறார். நம்ம பையன் 168 ஜிஎஸ்எம்தான் வருகிறது, துணி ரிஜெக்ட் என்று மெயில் அடித்து, பையர் சார்பில் சரக்கைக் கவனிக்கும் பையிங் ஆபீஸ்வரைக்கும் சிசி போட்டுவிட்டான். எனக்கு வியர்த்துவிட்டது. அடுத்த நாள் காலையில் நானே போய் அதே ரோலில் மூன்று இடத்தில் வெட்டி எடை போட்டேன். 179, 181, 180.

"சூட்டோட எடை போடாதேன்னு சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க்கா. கை சுட்டுக்கும்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். அதான் கிளவுஸ் போட்டுட்டுத்தான் வெட்டினேன்."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. கூட நின்ற ஆபரேட்டர் திரும்பி நின்றுகொண்டு சிரித்தார். அப்புறம் அவன் அமைதியாகக் கேட்டான்: "ஏனுங்க்கா, சூட்டோட போட்டா ஏன் கம்மியா வருது?"

எனக்குத் தெரியவில்லை.

பதினேழு வருஷமாக அந்த வரியை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! என் மாஸ்டர் எனக்குச் சொன்னார், நான் மற்றவர்களுக்குச் சொன்னேன். அவருக்கும் காரணம் தெரிந்திருக்குமோ என்னவோ. அவன் போனை எடுத்து ரெண்டு நிமிஷம் தேய்த்தான். பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். முழுக்கக் காய்ந்த பருத்தி 100 கிராம் என்றால், சாதாரணமாக அதில் எட்டரை கிராம் தண்ணீர் ஏறி நிற்கும் என்பது வழக்கமான கணக்கு. மெஷினிலிருந்து சூடாக வரும் துணியில் அந்தத் தண்ணீர் பறந்திருக்கும், ராத்திரி கிடந்தால் திரும்ப ஏறிக்கொள்ளும். "பன்னண்டு ஜிஎஸ்எம் வித்தியாசம் தண்ணிதாங்க்கா" என்றான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.

அன்று சாயங்காலம் பையிங் ஆபீஸுக்கு மன்னிப்பு மெயில் நான்தான் அடித்தேன். அவன் பெயரை அதில் போடவில்லை. போடத் தோன்றியது, உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா.

அதற்குப் பிறகுதான் ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தேன். இவர்கள் காரணம் கேட்பது நம்மை எதிர்த்துப் பேசுவதற்காக அல்ல. காரணம் தெரியாமல் சொன்ன வேலையை இவர்களால் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. இவர்களில் முக்கால்வாசிப் பேர் 2020-ல் கல்லூரிக்குப் போனவர்கள். பிராக்டிகல் எல்லாம் போன் திரையில். காங்கேயத்துப் பையன் நிட்டிங் மெஷினைத் தொட்டதே கடைசி வருஷத்தில்தானாம். நாங்கள் கையில் பிடித்துப் பழகிப் பழகி, கேள்வி கேட்காமலேயே வேலை உடம்பில் ஏறியது. இவர்களுக்கு அந்த வழி அடைபட்டுப் போச்சு. தலை வழியாகத்தான் ஏற வேண்டும்.

அடுத்த கேள்வி ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் வந்தது. எத்தனை பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும், எத்தனை குறைவரை பாஸ் என்று சொல்வது ஏக்யூஎல் சார்ட். 3,201 பீஸிலிருந்து 10,000 பீஸ்வரை எதுவாக இருந்தாலும் அதன்படி 200 பீஸ்தான் எடுத்துப் பார்ப்போம். 2.5 லெவலில் பத்து மேஜர் டிஃபெக்ட்வரை பாஸ், பதினொன்று வந்தால் ஃபெயில். "4,800-க்கும் 200, 10,000-க்கும் 200ங்களா? ரெண்டு மடங்கு சரக்குக்கு ரெண்டு மடங்கு பாக்க வேண்டாமுங்களா?" என்றான் காங்கேயத்துப் பையன். சார்ட் அப்படித்தான் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். ராத்திரி அடுப்படியில் நிற்கும்போது பதில் கிடைத்தது.

மறுநாள் சொன்னேன். வீட்டுக் குண்டாவில் வடித்தாலும் சரி, கல்யாண அண்டாவில் வடித்தாலும் சரி, பதம் பார்க்க நாலு பருக்கைதானே எடுக்கிறோம்? அண்டா பெருசு என்று ஒரு கரண்டிச் சோறா நசுக்குகிறோம்? ஆனால் ஒன்று, கிளறிவிட்டுப் பார்க்க வேண்டும். மேலே வெந்து அடியில் அரிசியாகவே இருந்தால் பதம் பார்த்தது பொய். மேல் வரிசைப் பெட்டியிலேயே 200 பீஸையும் எடுக்காதே, அடியில் கிடக்கும் பெட்டியையும் உருவு என்று நாங்கள் கத்துவது அதனால்தான். அவன் அதை எழுதி வைத்துக்கொண்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. இருபது வருஷமாக லேமினேட் பண்ணி மாட்டியிருந்த சார்ட்டை நானே அன்றுதான் புரிந்துகொண்டேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

மூவரில் அந்தப் பெண், சேவூர்ப் பாப்பா, அவளுடைய பிரச்சினை வேறு. கெட்டிக்காரி. எக்ஸெல் ஷீட்டில் அவள் செய்வதை என்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் செய்ய முடியாது. ஆனால் போன் பேசமாட்டாள். யாராவது கூப்பிட்டால் மணி அடித்து ஓயும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பாள், ஓய்ந்ததும் "சொல்லுங்க சார்" என்று மெசேஜ் போடுவாள். சாயப்பட்டறை மாஸ்டர் மெசேஜ் பார்க்கிற ஆளா? அவர் கை முழுக்கச் சாயம். லேப் டிப் ஷேடை, அதாவது நிறம் சரியா என்று பார்க்கச் சாயம் போட்ட சின்னத் துண்டை, போட்டோ எடுத்து அனுப்பி "ஓகேவா?" என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் ரெண்டு துணி, கடை டியூப்லைட்டில் வேறு வேறாகத் தெரியும். அதற்குத்தான் வேறு வேறு விளக்கில் துணியை வைத்துப் பார்க்கும் லைட் பாக்ஸே இருக்கிறது. போட்டோவில் எதைப் பார்ப்பார் மனுஷன்?

முதலில் எரிச்சல்தான் வந்தது. நாலு பேரிடம் பேசியே ஆர்டரை நகர்த்த வேண்டியவள் மெர்ச்சண்டைசர். போன் பேசத் தெரியாத ஒரு மெர்ச்சண்டைசரா! 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, துணியை எங்கே கொண்டுபோய்ச் சாயம் போடுவது என்று ஊரே அலைந்தது. வெளியூர்ப் பட்டறைகளில் எங்களுக்கு இடம் கிடைத்தது, பல வருஷமாக யாரோ யாரிடமோ "சாப்பிட்டாச்சுங்களா" என்று போனில் கேட்டு வைத்திருந்ததால்தான்.

அவளை எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டவில்லை. முன்பெல்லாம் திட்டியிருப்பேன். ஊர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பிள்ளைகள் அழுவதுமில்லை, சண்டை போடுவதுமில்லை. வாயை மூடிக்கொள்கிறார்கள், அடுத்த தப்பு நடந்தால் நமக்குத் தெரிய வராது. எங்கள் தொழிலில் மறைத்த தப்புதான் விலை அதிகம். நாள் தவறி, கப்பலில் போக வேண்டிய சரக்கு பிளைட்டில் போகும், அந்தக் காசு நம் தலையில். அதனால் எதிரே இருக்கும் பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். ஆளுக்கொரு டீ, ஒரு தேங்காய் பன்.

"என்ன பேசறதுன்னு தெரியலீங்க்கா. அவரு பெரியவரு, கோவிச்சுக்கிட்டா?" என்றாள். அவ்வளவுதான் விஷயம். அங்கேயே ஸ்பீக்கரில் போட்டு மாஸ்டரைக் கூப்பிட்டேன். "ஏனுங்ணா, சாப்பிட்டீங்களா? மழையா அங்க?" பிறகுதான் ஷேடு. அவள் போனில் குறிப்பு எடுத்துக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். "1. சாப்பாடு. 2. மழை. 3. நேவி ப்ளூ" என்று எழுதியிருந்தது. ஒரு வாரம் அந்தக் குறிப்பைப் பார்த்தே பேசினாள். கோடை வெயிலானாலும் மழையைத்தான் கேட்டாள்.

எல்லாம் இப்படி நடந்தது என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது பையன் பதினோராம் நாள் காலையில் "இன்று முதல் வர இயலாது, நன்றி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நின்றுவிட்டான். சம்பளத்தைக்கூட வந்து வாங்கவில்லை. என்னிடம் என்ன குறையோ, அவனுக்கு என்ன வெசனமோ. அன்று கோபப்பட்டேன், இன்றும் அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஐந்தரைக்கு இவர்கள் பையை மாட்டுவதும் எனக்கு இன்னும் பழகவில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்து எட்டரைக்கு இறங்கியே வாழ்ந்தவள் நான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, என் மகனுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகளில் நான் பேக்கிங்கில் நின்றிருக்கிறேன். ஆனாலும் ஷிப்மென்ட் அன்று இவர்கள் கிளம்பும்போது சுருக்கென்றுதான் இருக்கிறது. இப்போது வாரத் தொடக்கத்திலேயே, எந்த நாள் எட்டரை ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். சொன்ன நாளில் நிற்கிறார்கள். சொல்லாத நாளில் நிற்கச் சொன்னால் மூஞ்சி தூக்கிக்கொள்கிறது.

போன வாரம் ஒரு அவசர ஷேடு. பாப்பா லீவு, அவிநாசியில் ஒறம்பரை வீட்டுக் கல்யாணம். நானே மாஸ்டரைக் கூப்பிட்டேன். இருபது வருஷப் பழக்கம் எங்களுக்கு.

"ஏனுங், அந்தப் பாப்பா இல்லீங்களா?"

"லீவுங்ணா. நான்தான் பேசறேன்."

"செரி. அது வந்ததும் கூப்புடச் சொல்லுங். அதுகிட்டயே பேசிக்கறேன்."