பட்டிப்பளை ஆற்றின் பழைய தாள்

பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா, முன்பு எங்கே ஓடியது என்று அறிய, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய இடவிளக்கப்படத்தை விரித்தவுடன் ஓரக் குறிப்பைப் படித்துவிட வேண்டும். அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு மூன்றும் வேறுவேறாக இருக்கும். வீதிகளை மட்டும் திருத்தி மறுபடி அச்சிட்ட தாளில் ஆறு பழைய இடத்திலேயே கிடக்கும். இந்த ஆற்றை மறித்துப் பாசனம் செய்த கல்லோயாத் திட்டம் தொடங்கிய 1949க்கு முன் அளந்ததா, பின் அளந்ததா என்று தெரியாமல் சம்மாந்துறை, நாவிதன்வெளிப் பக்கத்து வாய்க்கால்களைப் பற்றிப் பேசவே கூடாது.

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக்கோடுகள் 100 அடிக்கு ஒன்று. கரையோர வயல்வெளி முழுக்க முதல் கோட்டுக்குக் கீழே கிடப்பதால், அங்கே மேடு பள்ளத்தை அவை சொல்லா. குடிமனையையும் தென்னந்தோட்டத்தையும் பழைய வண்டிப்பாதையையும் பாருங்கள்: மாரி வெள்ளத்தில் காலூன்ற இடம் கிடைத்த ஆற்றோர மேட்டில்தான் பெரும்பாலும் அவை இருக்கும். பள்ளம் பெயரில் இருக்கும். வில், மடு என்று முடியும் பெயர்களைத் தனி நிறத்தில் குறித்துக்கொண்டால் வெள்ளம் தேங்கும் இடங்கள் பாதி தெரிந்துவிடும். மாரியில் கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கி வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்வதை ஆராய்பவர்களுக்கு இந்த வேலை மிக அவசியம்.

தாளை 400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளி நிலத்தில் 4 மீட்டர். அந்தத் துல்லியத்தை நம்பிவிடக் கூடாது. அரை மில்லிமீட்டர்க் கோடே நிலத்தில் 32 மீட்டர்; காகிதமும் சுருங்கியிருக்கும். கரை 50 மீட்டருக்குள் நகர்ந்ததாகத் தெரிந்தால் அதை ஆற்றின் மேல் ஏற்ற வேண்டாம். இலங்கையின் பழைய படங்களில் ஆயங்களைக் கணக்கிட்ட அடிப்படையான கண்டாவல ஆதாரத்தை ஜிபிஎஸ் ஆதாரத்துக்கு மாற்ற மறந்தால் இந்தப் பகுதியில் படம் சுமார் 200 மீட்டர், பெரும்பாலும் கிழக்கு மேற்காக, விலகி நிற்கும். ‘ஆறு நகர்ந்துவிட்டது’ என்ற அவசர முடிவுகள் இப்படித்தான் பிறக்கின்றன.

முதலில் தாளில் அச்சான அகலாங்கு, நெட்டாங்குக் கோடுகள் சந்திக்கும் இடங்களைக் கொண்டு பொருத்துங்கள். பிறகு பழைய கோயில், பள்ளிவாசல், குளக்கட்டின் வளைவு, பழைய துருசு (மதகு) ஆகியவற்றில் சரிபாருங்கள். முகத்துவாரத்தையும் வாவிக்கரையையும் தொடவே வேண்டாம். மணல் திட்டு ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதால் வெளியும் வேலியும் ஒன்றாகிவிடும். வட்டை வட்டையாக (வயற்பிரிவு பிரிவாக) வயலில் இறங்கி, அந்த வட்டையின் தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் கேளுங்கள். அவர் சொல்வதை வரம்பில் நின்றே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். கந்தோருக்குத் திரும்பி எழுதினால் தாளில் உள்ள எழுத்துக் காதில் விழுந்ததை மாற்றிவிடும்.