கொன்றை விதையைத் தரையில் தேயுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் ஒரத்தநாடு பக்கம் பல தோப்புகள் வெட்டவெளியாகிவிட்டன. அதிலிருந்து கொல்லையில் நாட்டு மரக்கன்று வளர்க்கிறேன். வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "கொன்றை விதை போட்டேன், முளைக்கவே இல்லையே அண்ணே?"

விதை சொத்தை இல்லை. அதன் தோல் தண்ணீரை உள்ளே விடாது, அவ்வளவுதான். காயை உடைத்தால் கறுத்த பிசினோடு அறைக்கு ஒரு விதை இருக்கும். கழுவி, சிமெண்ட் தரையில் ஒரு ஓரமாகத் தேயுங்கள். காம்பு ஒட்டியிருந்த முனையில் முளை இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். பழுப்புத் தோல் போய் வெளிறிய புள்ளி தெரிந்ததும் நிறுத்தி, ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் விதை உப்பிப் பருத்திருக்கும். உப்பாமல் கிடப்பதை மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

வாகைக்கு இந்தப் பாடு வேண்டாம். கொதித்த தண்ணீரை இறக்கிவைத்து, விதையைப் போட்டு மறுநாள் வரை ஆறவிடலாம். புன்னையை ஓட்டோடு விதைத்தால் முளைக்க இரண்டு மாதம்கூட ஆகும். பருப்பு நசுங்காமல் ஓட்டை நீக்கிப் போட்டால் மூன்று வாரத்தில் எட்டிப் பார்க்கும்.

வேம்பு நேர்மாறு. முளைக்காமல் காத்துக்கிடக்கும் விதை உறக்கம் அதற்குக் கிடையாது. சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும், வைத்திருந்தால் சில வாரங்களில் உயிர் போய்விடும்.

அப்புறம், கன்று நாலு இலை விட்டதும் பத்து லிட்டர் தண்ணீரில் 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து சாயங்காலம் தெளிப்பேன். கன்று வளரும் பைகளை அவ்வப்போது இடம் மாற்றிவைப்பேன், ஆணிவேர் தரைக்குள் இறங்கிவிடாமல் இருக்க.