ஜெனரேட்டரும் நனையாமல் இருக்க வேண்டும்: ஒரு பாதுகாப்பு ஆவணம் தயாரான அனுபவம்

சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். பேரபாயம் விளைவிக்கக்கூடிய ஆலைகளுக்கென 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிமுறைகளின்படி, எங்களைப் போன்ற நிறுவனங்கள் ‘சேஃப்டி கேஸ்’ என்ற ஆவணத்தை ஒப்படைக்க வேண்டும். என்னென்ன விபத்துகள் நேரக்கூடும், அவற்றின் அபாயத்தை நடைமுறையில் இயன்ற அளவுக்குக் குறைத்திருக்கிறோமா என்பதை நிறுவனமே நிரூபித்துக் காட்ட வேண்டும். அதைத் திருத்தி எழுதும் வேளை வந்தபோது, இயற்கைச் சீற்றங்கள் பற்றிய பகுதி என் பொறுப்பில் வந்தது.

சிங்கப்பூரில் சூறாவளி இல்லை, நிலநடுக்கம் என்றால் சுமத்ராவிலிருந்து வரும் அதிர்வுதான் என்ற எண்ணத்தில் பழைய ஆவணம் அப்பகுதியை ஒரே பத்தியில் முடித்திருந்தது. நான் டெக்சஸ் மாநிலத்தின் கிராஸ்பியிலிருந்து தொடங்கினேன். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் கொட்டிய மழையில் அங்கிருந்த ஆர்க்கிமா ஆலை மூழ்கியது. குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய ஆர்கானிக் பெராக்சைடுகள் என்ற ரசாயனங்கள் அங்கே இருந்தன. மின்சாரம் போனது, மாற்று ஜெனரேட்டர்களும் வெள்ளத்தில் செயலிழந்தன, கடைசிப் புகலிடமான குளிர்பதன டிரெய்லர்களும் கைவிட்டன. பெராக்சைடுகள் சூடேறித் தீப்பற்றின, சுற்றுவட்டார மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒன்று போனால் மற்றொன்று என்று அடுக்கி வைத்திருந்த ஏற்பாடுகள் அனைத்தையும் ஒரே வெள்ளம் சாய்த்துவிட்டது என்பதே அதில் என்னை உலுக்கியது.

ஆகவே எங்கள் ஆலையின் ஒவ்வொரு பாதுகாப்பு ஏற்பாட்டையும், முதன்மை ஏற்பாட்டைச் சாய்க்கும் அதே தண்ணீரோ அதே இடியோ இதையும் சாய்க்குமா என்று கேட்டுப் பார்த்தோம். வரைபடத்தை வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. பெருமழை ஓய்ந்த ஒரு காலையில் பராமரிப்புக் குழுவுடன் ஆலையைச் சுற்றி வந்தபோது, எங்கள் ஜெனரேட்டர் உயரமான காங்கிரீட் மேடையில் பத்திரமாக இருப்பதைக் கண்டு நான் நிம்மதியடைந்த நேரத்தில், புதுக்கோட்டையைச் சேர்ந்த டெக்னீஷியன் ஒருவர், “சார், இதுக்கு டீசல் ஏத்துற பம்போட பேனலப் பாருங்க, முட்டிக்குக் கீழ இருக்கு” என்றார். பம்பை இயக்கும் அந்த மின் பேனலின் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு ஒன்று காய்ந்து படிந்திருந்தது. பேனல் நனைந்தால் பம்ப் ஓடாது; தொட்டியில் இருக்கும் டீசல் தீர்ந்ததும் அந்த ஜெனரேட்டர் நின்றுவிடும்.

பேனலை உயர்த்தச் செலவு கேட்டபோது, இதுவரை ஒன்றும் ஆகவில்லையே என்று நிர்வாகம் கேட்டது. 2011இல் கடலைத் தூர்த்து மீட்கும் புதிய நிலத்துக்கான குறைந்தபட்ச மட்டம் ஒரு மீட்டர் உயர்த்தப்பட்டதையும், ஏழு சிறு தீவுகளை இணைத்த இந்தத் தீவின் பெரும்பகுதி அதற்கு முன்பே மீட்கப்பட்டதையும், கடல்மட்டம் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024இல் வெளியான தேசிய ஆய்வு கணித்திருப்பதையும் எடுத்துச் சொன்னேன். கரையோரத்தை அரசின் நீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் பார்த்துக்கொள்ளும் என்றார் ஒருவர். கரையில் தடுப்பு எழுந்தால் கடல் வெளியே நிற்கும்; வேலிக்குள் பெய்யும் மழையும், அதில் நனையும் எங்கள் பம்பும் எங்கள் பொறுப்புதான். இதில் விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமாக இல்லை, செலவுக்கு ஒப்புதலும் கிடைத்தது.

மிகுந்த விவாதம் நடந்தது வேறோர் இடத்தில். தண்ணீர் எந்த அளவை எட்டினால் உற்பத்தியை நிறுத்துவது, அதை யார் முடிவு செய்வது? நள்ளிரவில் மேலாளரைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்தால், ஆலையைப் படிப்படியாக நிறுத்துவதற்கான நேரம் கரைந்துபோகும். ஆகவே, சுவரில் வண்ணமிட்ட கோட்டைத் தண்ணீர் தொட்டதும் யாரையும் கேட்காமல் நிறுத்தும் அதிகாரத்தை ஷிப்ட் மேற்பார்வையாளருக்கே எழுத்துமூலம் கொடுத்தோம். அப்படி நிறுத்தியதற்காக அவரிடம் விளக்கம் கேட்கப்படாது என்ற வரியைச் சேர்க்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

பேனல் இப்போது தோளுயரத்தில் இருக்கிறது. சுவிட்ச் அறைக்குள் கேபிள்கள் நுழையும் துளைகளை அடைக்கும் வேலை மட்டும் அடுத்த பராமரிப்பு நிறுத்தத்துக்காகக் காத்திருக்கிறது.