முதலில் ரப்பர் எலி, அப்புறம்தான் உயிர் எலி

எம்.ஃபார்ம் படித்தபோது என் கையில் ஒரு எலி செத்தது. மருந்து புகட்டும் ஊசி உணவுக்குழாய்க்குள் போகிறது என்று நினைத்து மூச்சுக்குழாய்க்குள் விட்டுவிட்டேன். மூக்கில் நுரை தள்ளியது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அடங்கிவிட்டது. "முதலில் எல்லாருக்கும் இப்படித்தான்" என்று சீனியர் தேற்றினார். எனக்கு மனம் ஆறவில்லை.

பிஎச்டி சேர்ந்ததும் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கான படிவத்தில் ஆய்வுக்கு விஸ்டார் என்ற ஆய்வக இனத்து எலிகள் 36, கைப்பழக்கத்துக்கு 12 என்று எழுதிக் கொடுத்தேன். குழுவில் இருந்த கால்நடை மருத்துவர் அந்தப் பன்னிரண்டில் விரலை வைத்து, "இதுக்கு மாதிரி பொம்மை இருக்கே, பழகிட்டு வாங்கம்மா" என்றார். படிவம் திரும்பி வந்தது. அன்று கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. புத்தகம், மாதிரி, படம் போன்றவற்றைக் கொண்டே சொல்லித்தர முடியும் என்றால் கல்லூரிகளில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

பி.ஃபார்மில் நாங்கள் புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் மென்பொருளில்தான் படித்தோம். முயலின் கண்ணில் எந்தச் சொட்டு மருந்து விட்டால் பாவை விரியும், எதற்குச் சுருங்கும் என்பதெல்லாம் திரையிலேயே புரிந்துவிட்டது. ஒரு முயலும் தேவைப்படவில்லை. ஆனால் மருந்து என்ன செய்யும் என்பதைத்தான் திரை சொல்லித்தரும். ஊசியைப் பிடிக்கக் கை பழக வேண்டுமே, அதற்குத்தான் அந்த மருத்துவர் சொன்ன மாதிரி பொம்மை, இந்த ரப்பர் எலி.

வேறொரு நிறுவனத்தில் இரண்டு நாள் பயிற்சி. முனை உருண்டையாக இருக்கும் புகட்டு ஊசியை எலியின் பக்கவாட்டில் வைத்து, வாயிலிருந்து கடைசி விலா எலும்புவரை அளந்து, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடச் சொன்னார்கள். எம்.ஃபார்மில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. அப்புறம் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாயும் தொண்டையும் ஒரே கோட்டில் வரும்படி பிடித்து, மேலண்ணத்தை ஒட்டியே ஊசியை இறக்க வேண்டும். தள்ளக் கூடாது, ஊசி தன் எடையிலேயே இறங்க வேண்டும். புகட்டியது நீலச் சாயம் கலந்த தண்ணீர். வயிற்றுக்குப் போனதா, நுரையீரலுக்குப் போனதா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் முதல் பத்தில் நான்கு நுரையீரலுக்குப் போனது. அந்த நீலத்தைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. நான்கு உயிர்!

மறுநாள் வால் சிரை ஊசி. சரியாக ஏறினால், ரப்பர் வாலில் ரத்தத்துக்குப் பதிலாக இருக்கும் சிகப்புத் தண்ணீர் சிரிஞ்சுக்குள் எட்டிப் பார்க்கும். வால் நுனிப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். தவறினால் கொஞ்சம் மேலே போய் இன்னொரு தடவை முயலலாம். மேலே இருந்து தொடங்கினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரப்பர் எலி நெளியாது, அதற்குச் சூடு இல்லை, பயந்து கையில் மூத்திரம் பெய்யாது. அதனால் ஊர் திரும்பியதும் ஒரு வாரம் ஊசியே எடுக்காமல், உயிர் எலிகளைத் தூக்குவது, எடை போடுவது, கையில் வைத்திருப்பது என்று மட்டும் பழகினேன். இந்த வாரத்தை யாரும் தாண்டிவிடாதீர்கள். என் கைக்கு அவை பழகின. அவற்றின் மூச்சுக்கு என் கை பழகியது.

திருத்திய படிவத்தில் 12-ஐ அடித்துவிட்டு 3 என்று எழுதினேன். ஒப்புதல் வந்தது.

முதல் எலி 210 கிராம், கொடுத்தது 2 மில்லி. ஊசி நாக்கின் அடிப்பகுதியைத் தொட்டதும் எலி ஒரு முறை விழுங்கியது, தொண்டை தானாக வழிவிட்டது. அந்த விழுங்கலை ரப்பரில் உணரவே முடியாது. ஆனால் அதற்காகக் காத்திருக்கும் பொறுமை ரப்பரில் பழகி வந்ததுதான். கூண்டில் விட்டு அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டது, பிறகு தீவனத்தைக் கொறிக்கத் தொடங்கியது. மூன்றுமே நன்றாக இருந்தன.

இப்போது எங்கள் துறையிலும் ஒரு ரப்பர் எலி வாங்கியாகிவிட்டது. தொடர்ந்து இருபது தடவை நீலம் வயிற்றுக்கே போகும்வரை எந்த ஜூனியருக்கும் உயிர் எலிகள் இருக்கும் அனிமல் ஹவுஸ் சாவியை நான் கொடுப்பதில்லை.