விடுதிக்கு ஹலால் சான்றிதழ் வாங்கிய அனுபவம்

2020 பிப்ரவரி கடைசியில், கொரோனா பரவியதால், மக்காவுக்கு உம்ரா என்ற புனிதப் பயணம் வரும் வெளிநாட்டவருக்கு சவுதி அரேபியா அனுமதியை நிறுத்தியபோதே எனக்குப் பகீரென்றது. அடுத்த மாதம் எங்கள் சிறிய விடுதியையும் பூட்டினோம். மறுபடி திறந்தால் ஹலால் சான்றிதழோடு, வருகிறவர் நோயில்லாமல் திரும்பிப் போகும் இடமாகத்தான் திறப்பது என்று உறுதியாக இருந்தேன். 'ஹலாலன் தய்யிபன்' என்று குர்ஆன் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: அனுமதிக்கப்பட்டது, தூய்மையானது.

முதல் குழப்பம் சானிடைசரில் வந்தது. 60 சதவீதமாவது ஆல்கஹால் இருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். தொழ வருகிறவர்கள் தயங்குவார்களே என்று மார்க்க அறிஞரான ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். கிருமியை அழிக்கக் கையில் தடவுவது மது அருந்துவதாகாது, தாராளமாக வையுங்கள் என்றார். அவர் சொன்னதை எழுதிப் பக்கத்திலேயே ஒட்டினோம். அப்படியும் மனம் ஒப்பாதவர்களுக்காகச் சோப்பும் தண்ணீரும் வைத்தோம்.

சமையலறையில்தான் நன்றாகத் திணறினோம். இறைச்சிக்குச் சான்று இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். வந்த தணிக்கையாளர் ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது, வெனிலா எசன்ஸில் ஆல்கஹால் உண்டா என்று ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்தார். கேக்கின் மேல் முட்டை பூசும் தூரிகையைக் கையில் எடுத்து, இது எந்த விலங்கின் மயிர் என்றார். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பன்றி மயிரிலும் தூரிகை செய்வார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முதல் தணிக்கையில் தேறவில்லை. தூரிகைகளை சிலிக்கானுக்கு மாற்றி, பொருள் தருகிறவர்களிடம் எழுத்தில் உறுதி வாங்கிய பிறகு இரண்டாவது முறை கிடைத்தது.

தொழுகை அறையில் பொது விரிப்பை எடுத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்தே வைத்தோம். ஒவ்வொரு அறையிலும் தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி, ஆள் மாறும்போதெல்லாம் துவைத்த முஸல்லா என்ற தொழுகை விரிப்பு. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்யும் இடத்தில் ஒரு குழாய் விட்டு ஒரு குழாயை மூடினோம். இடைவெளி விட்டு நிற்பது ஜமாஅத்தாக, அதாவது கூட்டமாக ஒட்டி நின்று தொழுது பழகியவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்கும்தான். ஆனாலும் வயதானவர்கள் வரும் இடம், அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுபடி திறந்த வாரம் ஒரு குடும்பம் பாட்டியோடு வந்தது. பாட்டி முஸல்லாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "துவைச்சதுதான்" என்று சொல்லி விரித்துக்கொண்டார்.