இது இயற்பியல்தானே, சார்?

உயிரியலை விட்டுவிட்டு உடற்கல்வியை மேல்நிலைப் பாடமாக எடுக்கலாமா என்று ஒரு மாணவியின் தந்தை கேட்டபோது, அவள் பிசியோதெரபி படிக்க விரும்பினால் வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பதிலில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அந்தப் படிப்பில் சேரப் பல இடங்களில் உயிரியல் கேட்கிறார்கள். அதைச் சொல்லாமல் ஒரு பிள்ளையை என் வகுப்புக்கு இழுத்துக்கொள்வது நியாயமாகாது. ஆனால் அதற்குப் பின் நடந்த பேச்சை மனம் இன்னும் விடவில்லை.

"அப்படியென்றால் மதிப்பெண் எளிதாக வரும் என்பதைத் தவிர இதனால் வேறென்ன பயன், சார்?" என்று கேட்டார். குரலில் ஏளனம் இல்லை. பெற்றவரின் கவலைதான் இருந்தது. பட்டம் பெற்று ஆசிரியர் பயிற்சியும் முடித்தால் பள்ளிப் பணி, ஒரு விளையாட்டில் தேர்ந்து சான்றிதழ் பெற்றால் பயிற்றுநர், புள்ளியியல் தெரிந்தால் ஆட்டப் பகுப்பாய்வு, வேதியியல் இருந்தால் விளையாட்டு உணவியல் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வழியும் வேறொன்றின் துணையோடுதான் திறக்கிறது என்பது என் காதிலேயே விழுந்தது.

அதுவரை பேசாதிருந்த மாணவி, சம்பந்தமே இல்லாததுபோல் ஒன்று கேட்டாள். எறிபொருள் 45 டிகிரியில்தான் அதிக தூரம் போகும் என்று படித்திருக்க, குண்டு எறிதலை நாங்கள் வீடியோ எடுத்து அளந்தபோது நன்றாக எறிந்தவர்களுக்கும் ஏன் கோணம் அதைவிடக் குறைவாக வந்தது? குண்டு தரையிலிருந்து அல்ல, தோளுக்கு மேலிருந்து கிளம்புவதால் உகந்த கோணம் சில டிகிரி இறங்குகிறது என்றேன். மேலும், செங்குத்தாகத் தள்ளத் தள்ள எடையை உயர்த்துவதிலேயே கையின் வலு செலவாகி வேகம் குறைகிறது. தூரமோ ஏறத்தாழ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், கோணத்தைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பதே லாபம். தந்தை உன்னிப்பாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது இயற்பியல்தானே, சார்?"

முதல் பாதி இயற்பியல், கை எங்கள் பாடம் என்று பதில் சொன்னேன். பதில் பொருத்தமானதுதான், போதுமானதா என்பதில்தான் தடுமாறுகிறேன். உழைக்கும் தசையில் வெப்பமும் லாக்டிக் அமிலமும் உண்டாவதை ஆராய்ந்த ஹில், மேயர்ஹோஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது மருத்துவத்துக்காக. உடற்கல்வி அனைவரின் அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோ 1978இல் சாசனமே வெளியிட்டது. ஆனால் உரிமை என்று சொல்லிவிட்டதால் ஒரு பாடத்துக்குத் தனி எல்லை கிடைத்துவிடுமா? வரலாறு படிப்பவரிடம் எவரும் இவ்வளவு கறாராகக் கேட்பதில்லை என்று சில நேரம் எரிச்சல் வருகிறது. உடனே, அவர்களிடமும் கேட்கத்தான் செய்கிறார்கள், என் காதுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான் என்றும் படுகிறது.

அவள் உயிரியலையே எடுத்தாள். அதன் பிறகும் பெற்றோர் வந்தால் சேர்க்கை விதிகளைத்தான் முதலில் சொல்கிறேன். வரிசையை மாற்று, அந்த வீடியோவை முதலில் காட்டு என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியர். அதைப் பார்த்த உற்சாகத்தில் விதியைக் கவனியாமல் யாரேனும் கையெழுத்திட்டுவிடக்கூடும் என்பதால் இதுவரை மாற்றவில்லை.