போன் அலறியது, அப்புறம்?

சைலண்டில் போட்டு வைத்த போன் கத்தும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. மீட்டிங் நடுவில் அறையிலிருந்த எல்லார் போனும் ஒரே நொடியில், இதற்கு முன் கேட்டே இராத ஒரு சத்தத்தில் அலற ஆரம்பித்தன. பேசிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றார். எடுத்துப் பார்த்தால், அரசின் அவசர எச்சரிக்கை, சோதனைச் செய்தி, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் அதைப் படிப்பதற்கு முன்பே சத்தத்தை நிறுத்திவிட்டோம், நானும்தான். நிஜமான செய்தியாக இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

இதற்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்பம் அருமையானது, அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. எஸ்எம்எஸ் என்றால் ஒவ்வொரு எண்ணாகத் தேடி அனுப்ப வேண்டும், ஊரே பதறி போனைத் தூக்கும் நேரத்தில் அது எங்கேயாவது மாட்டிக்கொள்ளும். இந்த எச்சரிக்கை வரும் செல் பிராட்காஸ்ட் முறை அப்படி இல்லை. டவர் ரேடியோ மாதிரி ஒருமுறை சொல்லும், அந்த டவரின் எல்லைக்குள் இருக்கிற போன்கள் எல்லாம் கேட்டுக்கொள்ளும். உங்கள் எண் அரசுக்குத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆனால் பட்டனை யார் அழுத்துவது, எப்போது, என்ன எழுதி? எல்லாக் குழப்பமும் அங்கேதான்.

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் 2018 ஜனவரி 13, சனிக்கிழமை காலை 8.07. ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது ஒத்திகை அல்ல என்று தீவுகள் முழுக்கச் செய்தி போனது. ஷிப்ட் மாறும் நேரத்தில் நடந்த ஒத்திகையை ஒரு ஊழியர் நிஜம் என்று நம்பி அனுப்பியது அது. தவறு நடக்கும், சரி. ஆனால் "தப்பாக அனுப்பிவிட்டோம்" என்று போன்களுக்கு அடுத்த செய்தி போக 38 நிமிடம் ஆனது, ஏனென்றால் பொய் எச்சரிக்கையைத் திருத்த ஒரு வாசகம் தயாராக எழுதி வைத்திருக்கவே இல்லை. ஏவுகணை எதுவும் இல்லை என்பது ஆளுநர் டேவிட் இகேவுக்கு இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது, ட்விட்டரில் அவர் அதைப் போட்டது 8.24க்கு. ட்விட்டர் பாஸ்வேர்டு தனக்குத் தெரியாது என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். அணு ஆயுத மிரட்டலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு அரசு, பாஸ்வேர்டில் தடுக்கி விழுந்திருக்கிறது. சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த 38 நிமிடம் பிள்ளைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வந்திருக்காது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம் ஸ்பெயினின் வாலென்சியா வெள்ளம். 2024 அக்டோபர் 29 காலை எட்டு மணிக்கு முன்பே ஸ்பெயின் வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. போன்களுக்குச் செய்தி வந்தது இரவு எட்டு மணி தாண்டி, 8.11க்கு. அதற்குள் பல ஊர்களில் தெரு எல்லாம் ஆறாகியிருந்தது. வந்த செய்தியும் பயணத்தைத் தவிருங்கள் என்றது, மாடிக்கு ஏறுங்கள் என்று சொல்லவில்லை. செத்தவர்களில் பலர் தரைத்தளத்திலும், காரை எடுக்கப் போன பார்க்கிங்கிலும் இருந்தவர்கள். அந்த வெள்ளத்தில் 220 பேருக்கு மேல் போய்விட்டார்கள். "மாடிக்கு ஏறுங்கள்", இரண்டே வார்த்தை. யோசிக்க யோசிக்க எனக்கு ஆறவே இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் பயத்தை மட்டும் விநியோகிப்பதில் அமெரிக்காவுக்குப் பழைய அனுபவம் உண்டு. 2002ல் பயங்கரவாத மிரட்டலுக்கு ஐந்து நிற அளவுகோல் கொண்டுவந்தார்கள். பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. நாடு முழுவதற்குமான நிறம் மஞ்சளுக்குக் கீழே ஒருநாள்கூட இறங்கவில்லை. இன்று ஆரஞ்சு என்றால் நான் என்ன செய்ய, கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளா போட? 2011ல் அதைத் தூக்கிவிட்டு, மிரட்டல் என்ன, எச்சரிக்கை எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுதும் முறைக்கு மாறினார்கள். முடிவுத் தேதி போட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. காலவரையறை இல்லாத எச்சரிக்கை நாலு நாளில் சுவரில் தொங்கும் பழைய காலண்டர்தான்.

பிரிட்டனில் 2023 ஏப்ரல் 23 அன்று நாடு தழுவிய சோதனை நடந்தபோது யாரும் சட்டென்று யோசிக்காத ஒரு விஷயம் வெளியே வந்தது. அடிக்கிற கணவனுக்குத் தெரியாமல் இன்னொரு போனை ஒளித்து வைத்திருக்கும் பெண்கள். அந்தப் போன் அலமாரிக்குள்ளிருந்து அலறினால்? எச்சரிக்கையை முன்கூட்டியே அணைத்து வைப்பது எப்படி என்று தொண்டு அமைப்புகள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. பொதுப் பாதுகாப்பு என்று நாம் சொல்லும்போது 'பொது'வில் யாரையெல்லாம் மறந்துவிடுகிறோம் பாருங்கள்.

இதை எல்லாம் படித்த வேகத்தில் அம்மாவின் போனை வாங்கி அவசர எச்சரிக்கை செட்டிங்ஸைத் திறந்தேன். எல்லாமே ஆஃப்.

"நான்தான் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி நிறுத்தச் சொன்னேன், அன்றைக்கு அப்படிக் கத்தியதில் நெஞ்சு நின்றுவிடும் போல இருந்தது" என்றார்.

திரும்ப ஆன் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அவனை மறுபடி கூப்பிட மாட்டார் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.